பாம்பு மருந்து எங்கள் கடையில் ஏன் இல்லை

அன்புள்ள விவசாயப் பெருமக்களுக்கு வணக்கம்.

சம்பா நெல் பொதி கட்டும் நேரத்தில், அதாவது கதிர் வெளிவருமுன் தண்டு பருக்கும்போது, கடைக்கு வருகிற பலர் இரண்டு மருந்தைச் சேர்த்தே கேட்கிறீர்கள். ஒன்று எலிக்கு, இன்னொன்று பாம்பு வராமல் இருக்க. இரண்டாவதை நாங்கள் விற்பதில்லை. வயலுக்கு வரும் சாரைப்பாம்பே எலியைத் தின்பதுதான் காரணம். விவரமாகச் சொல்லிவிடுகிறோம்.

பகலில் வரப்பில் சரசரவென்று ஓடுகிற நீளப் பாம்பு பெரும்பாலும் சாரைதான். ஆறேழு அடி வளரும், விஷம் கிடையாது. தவளையும் தின்னும், ஆனால் வரப்பு வளைகளைச் சுற்றி வருவது எலிக்காக.

போன மார்கழியில் திருவையாறு பக்கம் ஒரு வயலில் கண்ணால் பார்த்தோம். கத்தியால் சாய்வாகச் சீவியது போலத் தூர்கள் வெட்டுப்பட்டுக் கிடந்தன. சாரை ஒன்று நாக்கை நீட்டி நீட்டி மோப்பம் பிடித்துக்கொண்டே வந்து ஒரு வளைக்குள் முழுசாக நுழைந்தது. கொஞ்ச நேரத்தில், நாலடி தள்ளி, வளைவாயை அடைத்திருந்த புது மண் பொலபொலவென்று சரிந்தது. எலி வெளியே பாய, பின்னாலேயே சாரை. நாகம் போல விஷம் ஏற்றவோ மலைப்பாம்பு போலச் சுற்றி இறுக்கவோ அதற்கு வராது. வாயில் கவ்வி, உடம்பால் வரப்போடு வைத்து அழுத்தியது. அப்புறம் விழுங்கியது.

பூனையும் ஆந்தையும் வெளியே வருகிற எலியைத்தான் பிடிக்கும். சாரை வளைக்குள்ளேயே போய்க் குட்டிகளையும் தின்றுவிடும். வரப்பெலி சினைப்பட்டு மூன்று வாரத்தில் ஈன்றுவிடுவதால், குட்டியிலேயே குறைவது எவ்வளவு பெரிய உதவி!

சாரை இருந்தால் எலியே இருக்காது என்று சொல்ல மாட்டோம். கிட்டி என்கிற எலிப்பொறி வையுங்கள், ஆந்தை உட்காரக் குச்சி நடுங்கள். அதையும் மீறி விஷம் வைத்தால் செத்த எலிகளைப் பொறுக்கிப் புதைத்துவிடுங்கள். ஆந்தை தின்றால் அதுவும் போய்விடும்.

சாரையும் நாகமும் பிணையும் என்பார்கள். அப்படிப் பின்னி எழும்புவது பெரும்பாலும் சண்டை போடும் இரண்டு ஆண் சாரைகள். எலியைத் தேடி நல்ல பாம்பும் வரும் என்பதால், அடையாளம் தெரியாத எதன் அருகிலும் போகாதீர்கள். கடித்தால் நேரே அரசு மருத்துவமனைக்குப் போங்கள்.

கடைசியாக நம் கடை நைலான் வலை பற்றி. தோட்டத்து வேலியில் தொங்கும் கிழிந்த வலையில் சாரை தலையை விட்டால் செதில் மாட்டிப் பின்வாங்க முடியாமல் செத்துப்போகிறது. பழைய வலையைச் சுருட்டிக் கடைக்குக் கொண்டுவாருங்கள், நாங்கள் வாங்கி வைத்துக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
உங்கள் உரக்கடைக்காரர்கள்