கொட்டகலை டீச்சரின் பச்சைப் பேனாவுக்கு நன்றி

ஹட்டன், கொட்டகலை, பொகவந்தலாவைப் பக்கத்து உறவுகளுக்கு,

வணக்கம். சின்னவன் இங்கே ஸ்பெயினில் பள்ளிக்கூட வகுப்பில் வாய் திறந்துவிட்டான். இதற்கு முன் என்ன பாடு என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும், அதை விடுவோம்.

டீச்சர், முதல் நன்றி உங்களுக்கு. ஸ்பானிய மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல், பாடப்புத்தக ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டு, அப்பியாசக் கொப்பியில் தமிழெழுத்தில் எழுதி வட்ஸ்அப்பில் அனுப்பினீர்களே! யாரும் உங்களிடம் கேட்கவில்லை. நாளைக்கு வேறு வீட்டுப் பிள்ளைகளும் ஸ்பெயினுக்கு வரக்கூடும் என்பதால், அந்தக் கொப்பியில் உள்ளதை இங்கே எழுதி வைக்கிறோம்.

உயிரெழுத்து ஐந்தே ஐந்து: அ, எ, இ, ஒ, உ. நெடிலால் பொருள் மாறாது. அழுத்தம்தான் முக்கியம். சொல் உயிரிலோ, ன், ஸ் ஒலிகளிலோ முடிந்தால் கடைசிக்கு முந்திய அசையில் அழுத்தம், மற்றபடி கடைசி அசையில். எழுத்தின் மேல் சாய்கோடு இருந்தால் இந்த விதி செல்லாது; கோடு எங்கேயோ அழுத்தம் அங்கே.

ஆங்கிலம் பழகிய வாய்க்கு 'ட' வருகிறது. ஸ்பானியத்தில் நாக்கு பல்லைத் தொட வேண்டும், அதாவது நம்முடைய 'த'. 'அது' என்னும்போது வருகிற மெல்லிய த அவர்களிடமும் அப்படியே உண்டு. சிக்கல் அதிரும் ஒலியையும் அதிராத ஒலியையும் எழுத்தில் பிரிப்பதில்தான். முத்தமும் பெசோ (beso), எடையும் பெசோ (peso). தமிழெழுத்து இரண்டையும் பிரித்துக் காட்டாது. சொல்லின் நடுவிலும் அப்படித்தான்: வாத்தைப் (pato) 'பாத்தோ' என்று இரட்டித்து எழுதினால் வல்லோசை கிடைக்கும், ஆனால் பிள்ளை 'த்'தில் நின்றுவிடுவான். ஸ்பானியத்தில் அப்படி நிற்பது கிடையாது. அதற்கு டீச்சர் கண்ட வழி இரண்டு மை: அதிரும் ஒலிக்குப் பச்சை, அதிராததற்கு நீலம். முத்தத்தின் ப பச்சை, எடையின் ப நீலம். தொண்டையில் விரல் வைத்துப் பார்த்தால் பிள்ளைக்கே வித்தியாசம் தெரியும்.

'பெரோ' என்றால் ஆனால், 'பெர்ரோ' என்றால் நாய். முன்னதில் நாக்கு ஒரு தரம் தட்டும், பின்னதில் த்ரீவீலர் ஸ்டார்ட் ஆவது போல உருளும். சொல்லின் முதலில் வரும் ர எப்போதும் உருளும். இது வராவிட்டால் அவசரப்படுத்தக் கூடாது, ஸ்பானியப் பிள்ளைகளுக்கே கடைசியாக வருகிற ஒலிகளில் ஒன்று. 'த்ர', 'ப்ர' என்று தொடங்கினால் சுலபம்.

'ஸ்கூல்' வராமல் 'இஸ்கூலு' என்கிற தோட்டத்துப் பாட்டிகளைக் கேலி செய்தவர்கள் கவனிக்க: ஸ்பானியர் வாயிலும் முன்னால் ஓர் உயிர் வந்தே தீரும். பள்ளிக்கூடம் 'எஸ்குவேலா'.

வினைமுற்றிலேயே ஆள் தெரிவது நமக்குப் பழக்கம். 'வந்தேன்' என்றால் 'நான்' தேவையில்லை. ஸ்பானியத்திலும் அப்படியே. பெயர்ச்சொல்லைத் தனியாக மனப்பாடம் செய்யாமல் 'லா மேசா' (மேசை), 'எல் லிப்ரோ' (புத்தகம்) என்று ஆண்பால், பெண்பால் காட்டும் முன்சொல்லோடு படிக்கச் சொன்னதும் டீச்சர்தான். இல்லாவிட்டால் 'ஓ'வில் முடிகிறதே, ஆண்பால்தான் என்று கைக்கு 'எல் மானோ' என்பார்கள். சரியானது 'லா மானோ'.

வீட்டிலும் ஸ்பானியமே பேசுங்கள் என்று இங்கே சொன்னவர்கள் உண்டு. டீச்சர் ஒரேயடியாக மறுத்தார். பெற்றோரின் அரைகுறைப் பேச்சால் பிள்ளைக்கு என்ன லாபம்? தமிழில் கோவையாகக் கதை சொல்லத் தெரிந்தவனுக்கு அடுத்த மொழியில் சொற்கள் மட்டும்தான் பாக்கி.

பிறப்புச் சான்றிதழின் பிரதி எடுத்துத் தந்த பிரதேச செயலக அண்ணன், கொழும்பில் வெளிநாட்டு அமைச்சின் அத்தாட்சிக்காக வரிசையில் நின்ற மச்சான், முனிசிபல் பதிவுக்குக் கூட வந்த பக்கத்து வீட்டம்மா, தேயிலை அனுப்பிய எல்லோரும்: நன்றி, நன்றி. படிவத்தில் இரண்டு குடும்பப் பெயர் கேட்பார்கள். நமக்கு ஒன்றே என்றால் இரண்டாம் கட்டத்தை வெறுமையாக விடலாம். கடவுச்சீட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள்.

கொப்பியை முழுதாகப் படம் பிடித்து வைத்திருக்கிறோம். கேட்கும் எந்தக் குடும்பத்துக்கும் காசில்லாமல் அனுப்புவோம், இது டீச்சருக்குக் கொடுக்கும் வாக்கு.

டீச்சர், ஒக்டோபர் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னே வைப்பார்கள். அன்றிலிருந்து இங்கே காலை 11 என்றால் உங்களுக்குப் பின்னேரம் 3.30. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்துக்கே அழைக்கிறோம்.