பாப்பா, உன் ஆங்கிலக் கடிதத்தைப் பார்த்தேன்

அன்புள்ள பாப்பா,

உன் ஆபீஸுக்கு அனுப்பப்போகும் கடிதம் வந்து சேர்ந்தது. "இங்கிலீஷை மட்டும் பாருங்கப்பா, வேற எதுவும் கேக்காதீங்க" என்று மேலே ஒரு வரி எழுதியிருக்கிறாய். கேட்கவில்லை. அம்மாவிடம் இன்னும் காட்டவும் இல்லை. உன் அண்ணன் விஷயத்தில் காட்டிவிட்டு என்ன ஆயிற்று என்று உனக்கே தெரியும்.

ஸ்பெல்லிங் பிழை ஒன்றுகூட இல்லை. கமா, ஃபுல்ஸ்டாப் எல்லாம் அதனதன் இடத்தில். இந்த வீட்டில் உன்னைப்போல் ஆங்கிலம் எழுத ஆள் கிடையாது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பிசகியிருப்பதெல்லாம் ஜோடியாக வரும் இணைப்புச் சொற்களில்தான். ஐதர் வந்தால் ஆர், நைதர் வந்தால் நார், போத் வந்தால் அண்ட், நாட் ஒன்லி வந்தால் பட் ஆல்ஸோ. முதல் பாதியை எழுதும்போதே இரண்டாம் பாதி எங்கே விழும் என்று தெரிந்திருக்க வேண்டும். நன்றாக எழுதுகிறவர்களும் களைப்பில் எழுதினால் முதலில் தடுமாறுவது இங்கேதான்.

சரிபார்க்க ஒரு வழி சொல்கிறேன். ஜோடியின் இரண்டு சொல்லுக்கும் அடிக்கோடு போடு. ஒவ்வொன்றுக்கும் அடுத்தாற்போல் நிற்பதை மட்டும் படி. ஒரு பக்கம் பெயர்ச்சொல் என்றால் மறுபக்கமும் பெயர்ச்சொல். இங்கே வினை என்றால் அங்கேயும் வினை. இங்கே முழு வாக்கியம் என்றால் அங்கேயும் முழு வாக்கியம். ஒத்துப்போகவில்லை என்றால் முதல் சொல்லை நகர்த்து. பெரும்பாலும் அதுவே போதும்.

உன் இரண்டாவது வரி: "நாட் ஒன்லி ஐ ஹாவ் ஒர்க்ட் நைட்ஸ் பட் ஆல்ஸோ வீக்கெண்ட்ஸ்." நாட் ஒன்லிக்குப் பிறகு ஒரு முழு வாக்கியம் நிற்கிறது. பட் ஆல்ஸோவுக்குப் பிறகு ஒற்றைச் சொல். தராசு ஒரு பக்கமாகச் சாய்கிறது. நாட் ஒன்லியைத் தள்ளி வை: "ஐ ஹாவ் ஒர்க்ட் நாட் ஒன்லி நைட்ஸ் பட் ஆல்ஸோ வீக்கெண்ட்ஸ்." இப்போது நைட்ஸ் ஒரு பக்கம், வீக்கெண்ட்ஸ் மறுபக்கம். நாட் ஒன்லி முதலில்தான் வர வேண்டும், அதில்தான் அழுத்தம் இருக்கிறது என்று நினைத்தால், துணைவினை எழுவாய்க்கு முன்னால் வந்தாக வேண்டும்: "நாட் ஒன்லி ஹாவ் ஐ ஒர்க்ட் நைட்ஸ், பட் ஐ ஹாவ் ஆல்ஸோ ஒர்க்ட் வீக்கெண்ட்ஸ்." துணைவினை இல்லாத வாக்கியமானால் டூ, டஸ், டிட் மூன்றில் பொருந்துவதைக் கொண்டுவர வேண்டும்: "நாட் ஒன்லி டிட் தே கட் த டீம்..." திருப்பிப் போடுவது முதல் பாதியில் மட்டும்தான், இரண்டாம் பாதி வழக்கம்போல. பேச்சில் யாரும் இவ்வளவு சிரமப்படுவதில்லை. ஆல்ஸோவை விட்டுவிடுவார்கள், அல்லது கடைசியில் 'கூட' என்ற பொருளில் ஒரு டூ சேர்ப்பார்கள். ஆபீஸ் கடிதத்துக்கு முதலில் சொன்ன வடிவமே நல்லது. திருப்பிப் போட்டால் குரல் உயர்ந்த மாதிரி இருக்கும்.

இரவும் வேலை, சனி ஞாயிறும் வேலை. இது எங்களுக்குத் தெரியாது. ஃபோனில் "நல்லாத்தாம்பா போகுது" என்றுதானே சொல்லிக்கொண்டிருந்தாய்.

அடுத்தது: "நைதர் மை மேனேஜர் ஆர் த டைரக்டர்ஸ் ஹாஸ் ரிப்ளைட்." இதில் இரண்டு பிழை. நைதருக்கு நார்தான் ஜோடி. பேச்சில் ஆர் காதில் விழும், எழுத்தில் கூடாது. இன்னொன்று வினை. நைதர், ஐதர், நாட் ஒன்லி மூன்றிலும் வினைக்குப் பக்கத்தில் எது நிற்கிறதோ அதற்கு ஏற்ப வினை அமையும். டைரக்டர்ஸ் பன்மை, ஆகவே ஹாவ். மேனேஜரைப் பின்னால் போட்டால் ஹாஸ் சரிதான், ஆனால் காதுக்கு உறுத்தும். ஒருமை, பன்மை இரண்டும் இருந்தால் பன்மையைப் பின்னால் வைத்துவிடு, வம்பே இல்லை. இரண்டும் ஒருமையானால் எழுத்தில் ஒருமை வினை. நீயும் அவரும் சேரும் இடத்தில் "நைதர் ஹி நார் ஐ ஆம்" என்று எழுத வேண்டிவரும். இலக்கணம் சரி, படிக்கச் சகிக்காது. அப்படிப்பட்ட வாக்கியத்தைத் திருத்திக்கொண்டிருக்காதே, அடித்துவிட்டு வேறு மாதிரி எழுது.

அதற்குக் கீழே "போத் ஆஃப் தெம் டிட் நாட் ரிப்ளை" என்று இருக்கிறது. இருவருமே பதில் போடவில்லையா, ஒருவர் மட்டும் போட்டாரா? படிக்கிறவருக்கு இரண்டு விதமாகவும் தோன்றலாம். "நைதர் ஆஃப் தெம் ரிப்ளைட்" என்றால் சந்தேகத்துக்கே இடமில்லை. வினையில் ஏற்கெனவே நாட் இருந்தால் நைதர் வேண்டாம், ஐதர் போதும்: "ஐ டிட் நாட் கெட் ஐதர் எ மெயில் ஆர் எ கால்." ஒரு வாக்கியத்துக்கு ஒரு மறுப்பு.

"நோ ஸூனர் ஐ ஜாயின்ட் வென் த டீம் வாஸ் கட்." ஸூனர் என்பது ஒப்பிடும் சொல். அதனால் அதன் ஜோடி தேன், வென் அல்ல. வென் சேர்வது ஹார்ட்லியோடும் ஸ்கேர்ஸ்லியோடும். நோ ஸூனர் முதலில் வந்தால் இங்கேயும் திருப்ப வேண்டும்: "நோ ஸூனர் ஹாட் ஐ ஜாயின்ட் தேன் த டீம் வாஸ் கட்." முதல் பாதிக்கு ஹாட், இரண்டாம் பாதிக்குச் சாதாரண இறந்தகாலம். என்னைக் கேட்டால் இது பரீட்சைத் தாளுக்கு உரிய வாக்கியம். பேச்சில் எல்லோரும் "ஆஸ் ஸூன் ஆஸ்" என்பார்கள். நீயும் அப்படியே எழுது.

"போத் மை ஹெல்த் ஆஸ் வெல் ஆஸ் மை ஸ்லீப் இஸ் அஃபெக்டட்." போத்துக்கு ஜோடி அண்ட் மட்டும்தான். வினை எப்போதும் பன்மை: "போத் மை ஹெல்த் அண்ட் மை ஸ்லீப் ஆர் அஃபெக்டட்." போத் இரண்டே இரண்டு பொருளுக்குத்தான், மூன்றாவது சேர்ந்தால் போத்தை எடுத்துவிட வேண்டும். அட் போன்ற முன்னிடைச்சொல் வந்தால் அதையும் சமமாகப் பங்கிடு: "போத் அட் ஒர்க் அண்ட் அட் ஹோம்", இல்லாவிட்டால் அட்டை முன்னால் கொண்டுவந்து "அட் போத்" என்று ஒரே முறை.

எத்தனை நாளாக இப்படி? டாக்டரிடம் போனாயா?

அதே பத்தியில் "ஐ ஆம் டூ டயர்ட் தட் ஐ கேனாட் ஸ்லீப்" என்று வருகிறது. இரண்டு ஜோடியைக் கலந்துவிட்டாய். ஸோவுக்கு தட், டூவுக்கு டு. "ஐ ஆம் ஸோ டயர்ட் தட் ஐ கேனாட் ஸ்லீப்", அல்லது "ஐ ஆம் டூ டயர்ட் டு ஸ்லீப்." பின்னதில் மறுப்பு அந்த டூவுக்குள்ளேயே இருக்கிறது, கேனாட் தேவைப்படாது. பேசும்போது தட் உதிர்ந்துவிடும், எழுத்தில் இருக்கட்டும். பிழையைத் திருத்திவிட்டேன், ஆனால் ஆபீஸுக்குப் போகும் கடிதத்தில் இந்த வாக்கியம் வேண்டுமா என்று யோசி. இதை முதலில் எங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

"ஆல்தோ ஐ ஆம் டயர்ட் பட் ஐ ஆம் மேனேஜிங்." இது ஜோடியே அல்ல. ஆல்தோ போட்டால் பட் கூடாது, பட் போட்டால் ஆல்தோ கூடாது. பிகாஸும் ஸோவும் அப்படித்தான். தோவுக்கு யெட் ஜோடி என்று பழைய இலக்கணப் பாடங்களில் இருந்தது, இப்போது அதையும் அதிகம் எழுதுவதில்லை. ஒன்றை அடித்துவிடு. மேனேஜிங் என்பதையும் அடித்துவிடலாம். யாரும் நம்பப்போவதில்லை.

கடிதத்தில் இலக்கணப் பிசகே இல்லாத ஜோடியும் உண்டு: "ஐதர் ஐ ஆம் மூவ்ட் டு அனதர் டீம் ஆர் ஐ ரிசைன்." இரு பக்கமும் முழு வாக்கியம், ஆர் சரியான இடத்தில். ஆனால் ஐதர் வாக்கியத்தின் முதலில் நின்று, பின்னால் "ஆர் ஐ" என்று வந்தால் படிக்கிறவர் காதில் அது மிரட்டலாகத்தான் விழும். ஆங்கிலத்தில் இறுதி எச்சரிக்கை விடும்போது அடிக்கடி வரும் அமைப்பு அது. நீ முதலாவதைத்தான் கேட்கிறாய், அவர்கள் இரண்டாவதை எடுத்துக்கொண்டு "சரி, போகலாம்" என்றால் என்ன செய்வாய்? இரண்டு வழியும் உனக்கு ஒன்றுபோலச் சம்மதம் என்றால் மட்டும் ஐதர் போடு. இல்லையென்றால் ஜோடியைப் பிரித்து இரண்டு வாக்கியமாக்கு: "ஐ வுட் லைக் டு மூவ் டு அனதர் டீம். இஃப் தட் இஸ் நாட் பாஸிபிள், ஐ வுட் லைக் டு டிஸ்கஸ் த அதர் ஆப்ஷன்ஸ்." ரிசைன் என்ற சொல் எழுத்தில் வேண்டாம். மனதில் முடிவு செய்துவிட்டாய் என்றாலும், இந்தக் கடிதத்தில் வேண்டாம். அதற்குத் தனிக் கடிதம் இருக்கிறது, அதை நிதானமாக எழுதலாம்.

சின்ன விஷயம் ஒன்று. "பிட்வீன் 10 டு 12 அவர்ஸ்" என்பது தவறு. பிட்வீனுக்கு அண்ட், ஃப்ரமுக்கு டு. தினமும் 12 மணி நேரமா?

கடைசி வரி: "ப்ளீஸ் லெட் மீ நோ வெதர் ஐ ஷுட் கன்டின்யூ ஆர் நாட்." பிழையில்லை, ஆனால் அந்த "ஆர் நாட்" இல்லாமலே பொருள் நிற்கும். எப்படியிருந்தாலும் சரி என்ற பொருளில் வரும்போதுதான் அதை விடக் கூடாது: "வெதர் தே ரிப்ளை ஆர் நாட், ஐ வில் டேக் எ வீக் ஆஃப்." என் உதாரணத்தையே நீ எழுதினாலும் நல்லதுதான், ஒரு வாரம் லீவு போடு. உன் வரியை எடுத்துவிடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. தொடர்வதா வேண்டாமா என்பது அவர்களிடம் கேட்கிற கேள்வி இல்லையம்மா.

இன்று இரவு அனுப்பாதே. ஜோடி ஜோடியாக அடிக்கோடு போட்டு ஒருமுறை பார், தூங்கி எழுந்து இன்னொரு முறை பார். ராத்திரியில் எழுதியதை ராத்திரியிலேயே அனுப்பாதே. நாளைக்கு அனுப்பினாலும் அவர்கள் அங்கேதான் இருப்பார்கள். அனுப்புவதற்கு முன் எனக்கு ஃபோன் செய், எந்த நேரமானாலும் பரவாயில்லை. அம்மா பக்கத்தில் இருந்தால் இலக்கணச் சந்தேகம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
அப்பா