'அப்ஸ்ட்ராக்டட்லி' என்றால் கவனக்குறைவா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற இதழின் ஆங்கிலச் சொல் பகுதியில் 'அப்ஸ்ட்ராக்டட்லி' என்பதற்குக் 'கவனக்குறைவாக' என்று பொருள் போட்டிருந்தீர்கள். கவனக்குறைவு என்றாலே அதில் ஒரு பழி இருக்கிறது. இந்தச் சொல்லில் அது இல்லை. சர்க்கரை எப்போதோ கரைந்துவிட்டது, ஆனாலும் ஒருவர் டீயைக் கலக்கிக்கொண்டே இருக்கிறார், மனம் வேறெங்கோ. வீட்டில் இதை 'ஏதோ நினைவாக' என்போம். அதையே போடலாம். 'மெய்மறந்து' சரிவராது, அதில் இன்பம் வந்து ஒட்டிக்கொள்ளும்.

இதோடு குழப்பிக்கொள்ளும் 'அப்ஸ்ட்ராக்ட்லி' வேறு: நடப்பையும் எடுத்துக்காட்டையும் தொடாமல், கருத்தளவில். பக்கத்தில் உள்ள வினையைப் பார்த்தால் பெரும்பாலும் குழப்பம் தீர்ந்துவிடும். தலையாட்டினார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தார், பென்சிலை உருட்டினார் என்றால் முதல் சொல். வரையறுத்தார், விவாதித்தார் என்றால் இரண்டாவது. 'பேசினார்' மட்டும் தொல்லை தரும், அது இரண்டோடும் வரும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் வந்தால் 'ஏதோ நினைவாக'. பதில் சரிதான், ஓர் உதாரணம்கூட இல்லை என்றால் 'கருத்தளவில்'.

பழைய நூல்களில் இந்தச் சோதனை பலிக்காது. 18, 19-ஆம் நூற்றாண்டு எழுத்தில் 'அப்ஸ்ட்ராக்டட்லி கன்சிடர்ட்' என்று வந்தால், அங்கே யாரும் யோசனையில் மூழ்கியிருக்கவில்லை. 'தனியே எடுத்துப் பார்த்தால்' என்பதே பொருள். பின்னால் 'ஃப்ரம்' வந்தால் 'அதை நீக்கிவிட்டு' என்று கொள்ள வேண்டும். தத்துவ, சட்ட நூல்களைத் தமிழாக்குவோர் அதிகம் வழுக்குவது இங்கேதான்.

இரண்டு பொருளுக்கும் வேர் ஒன்று. லத்தீனில் 'அப்ஸ்' என்றால் அப்பால், 'த்ராஹெரே' என்றால் இழுத்தல். டிராக்டரும் இதே வேரில் பிறந்ததுதான். சூழலிலிருந்து மனம் இழுக்கப்பட்டால் ஓர் அர்த்தம், ஒரு பொருளிலிருந்து அதன் பண்பைப் பிரித்து இழுத்தால் மற்றது. வினைச்சொல்லில் இந்த இழுப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது: மின்திருட்டு பற்றிய மின்சாரச் சட்டம் 2003-இன் 135-ஆம் பிரிவில் வரும் 'அப்ஸ்ட்ராக்ட்' மின்சாரத்தை உருவுவதையே சொல்கிறது. மும்பையின் தாராவியிலும் சயானிலும் தமிழர்களுக்கு மின்திருட்டு நோட்டீஸைப் படித்துச் சொல்பவர்கள் இந்தச் சொல்லை அதன் இன்னொரு பொருளான 'சுருக்கம்' என்று எடுத்துக்கொண்டால் வாக்கியமே நிற்காது.

திருத்தம் வெளியிடும்போது உச்சரிப்பையும் சேர்த்துவிடுங்கள். பெயரடையான 'அப்ஸ்ட்ராக்ட்'டில் அழுத்தம் முதல் அசையில். 'அப்ஸ்ட்ராக்டட்லி'யில் அது இரண்டாம் அசைக்கு, 'ஸ்ட்ராக்' மேல் போய்விடும்.

இப்படிக்கு,
மொழிபெயர்ப்பாளர்கள் இருவர்,
மாட்டுங்கா, மும்பை