மாதக்கணக்கில் நின்ற பிளக்-இன் ஹைபிரிட்: டெலிவரி எடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2020 ஊரடங்கு நாட்களில் புதுக் கார் டெலிவரி எடுத்தவர்களுக்குச் சொல்லப்பட்ட ஆலோசனைகள் பெரும்பாலும் முகக்கவசம், கிருமிநாசினி, ஆறடி இடைவெளி என்பதோடு முடிந்துவிட்டன. அவை வேண்டியவைதான். ஆனால் பிளக்-இன் ஹைபிரிட் வண்டிகளை, அதாவது பெட்ரோல் இன்ஜினும் வெளி மின்சாரத்தில் சார்ஜ் ஏற்றும் பேட்டரியில் ஓடும் மோட்டாரும் சேர்ந்த வண்டிகளைப் பழுதுபார்க்கும் எங்களுக்கு அதைவிடப் பெரிய கவலை வேறு. 2020 மார்ச் 11 அன்று உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த பிறகு ஆலை முற்றத்திலும் துறைமுகத்திலும் ஷோரூம் கிடங்கிலும் நின்றுபோன வண்டிகள் மாதங்கள் கழித்தே வாங்கியவர் கைக்கு வந்தன. கைபடாத டெலிவரி என்ற பெயரில், நின்ற வண்டிக்குக் கட்டாயம் செய்ய வேண்டிய சோதனைகளும் சேர்ந்தே விடுபட்டன.

முதலில் பார்க்க வேண்டியது 12 வோல்ட் பேட்டரி. பிளக்-இன் ஹைபிரிட்டில் பேட்டரிகள் இரண்டு. ஓட்டத்துக்கான பெரியது, 2020 வாக்கில் வந்த பல மாடல்களில் ஏறக்குறைய 8 முதல் 18 யூனிட் வரை மின்சாரம் கொள்ளும். வாங்குபவர்கள் அதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். வண்டி உயிர்பெறுவதோ சின்னதான இந்த 12 வோல்ட் பேட்டரியை நம்பி. கம்ப்யூட்டர்களை எழுப்புவதும், பெரிய பேட்டரியை மோட்டாரோடு இணைக்கும் கான்டாக்டர்கள் என்ற மின் ஸ்விட்சுகளை மூடி இணைப்புக் கொடுப்பதும் அதன் வேலை. அது இறங்கிவிட்டால் டாங்க் நிறைய பெட்ரோலும் பெரிய பேட்டரியில் முழுச் சார்ஜும் இருந்தாலும் வண்டி நகராது. பல மாடல்களில் சார்ஜரைச் செருகினாலும் ஏற்காது. சாதாரண பெட்ரோல் காரில் பேட்டரி தளர்ந்தால் ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், நமக்குத் தெரிந்துவிடும். பெரும்பாலான ஹைபிரிட்டுகளில் இன்ஜினைச் சுற்றுவது பெரிய பேட்டரியில் ஓடும் மோட்டார் என்பதால் அந்த முன்னறிவிப்பு கிடையாது. இன்று எந்தக் குறையும் இல்லாமல் எழுந்த வண்டி நாளைக் காலை பேச்சுமூச்சின்றிக் கிடக்கும்.

வீடியோ அழைப்பில் வண்டியைக் காட்டும்போது டேஷ்போர்டு பளிச்சென்று எரிவதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். அழைப்புக்குப் பத்து நிமிடம் முன் வேறு பேட்டரியிலிருந்து ஜம்ப் கொடுத்து எழுப்பிய வண்டியும் அப்படித்தான் எரியும். முந்தைய இரவு பூட்டி வைத்த வண்டியில், எழுப்புவதற்கு முன், 12 வோல்ட் பேட்டரியை மல்டிமீட்டர் என்ற அளவுக் கருவி வைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 12.6 வோல்ட் இருந்தால் முழுச் சார்ஜ். 12.4 என்றால் முக்கால்வாசி. 12.2 என்றால் பாதி. 12.0-க்குக் கீழே இறங்கியிருந்தால் அந்தப் பேட்டரியை ஏற்காதீர்கள். ஈய அமில பேட்டரி இறங்கிய நிலையிலேயே வாரக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்பேட் கெட்டிப்பட்டுவிடும். பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் பழைய கொள்ளளவு திரும்பாது. கையெழுத்துப் போடும் முன் மாற்றித் தரச் சொல்வதே சரி. அடுத்து வண்டியை 'ரெடி', அதாவது ஓட்டத் தயாரான நிலைக்குக் கொண்டுவந்து அதே முனைகளில் அளக்க வேண்டும். 13.5 முதல் 14.5 வோல்ட் வரை ஏறினால், பெரிய பேட்டரியிலிருந்து சின்னதற்கு ஊட்டும் கன்வர்ட்டர் வேலை செய்கிறது என்று பொருள்.

கப்பலிலும் லாரியிலும் வரும் வண்டிகள் மின்சாரம் மிச்சமாவதற்காக 'டிரான்ஸ்போர்ட் மோடு' என்ற நிலையில் வைக்கப்படும். சிலவற்றில் ஒரு ஃபியூஸையே கழற்றியிருப்பார்கள். அவசரத்தில் இதை மாற்ற மறந்தால் சாவி ரிமோட், கடிகாரம், மொபைல் செயலி போன்றவை ஏனோதானோவென்று நடந்துகொள்ளும். வாங்கியவர் வண்டியே பழுது என்று நினைத்துவிடுவார். டயர்களிலும் இதே கதை. பயணத்துக்காகக் கூடுதலாக அடித்த காற்றைக் குறைக்காமலே தருகிறார்கள். ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியுள்ள அளவோடு ஒப்பிடுங்கள்.

மறந்துபோகும் இன்னொரு பாதி, இன்ஜின். சார்ஜ் இருக்கும் வரை மின்சாரத்திலேயே ஓடுவதால் டெலிவரி நாளில் இன்ஜின் ஒருமுறைகூடப் பற்றாமல் வீடு வந்து சேர வாய்ப்பு உண்டு. பல மாடல்களில் 'சார்ஜ்' அல்லது 'ஸ்போர்ட்' மோடு போட்டால் இன்ஜின் கிளம்பும். குளிர்ந்த நிலையில் கிளப்பி, சூடேறும்வரை ஓடவிட்டு, எச்சரிக்கை விளக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும். டாங்கில் மாதக்கணக்கில் கிடந்த பெட்ரோல் இருக்கும். புதிதாக நிரப்பிக் கலந்துவிடுவது நல்லது. பல பிளக்-இன் கார்களில் ஆவி வெளியேறாதபடி டாங்கை அழுத்தத்தோடு அடைத்திருப்பார்கள். உள்ளே உள்ள பொத்தானை அழுத்தி, அழுத்தம் இறங்கும்வரை சில விநாடி பொறுத்தால்தான் மூடி திறக்கும்.

பெரிய பேட்டரி காலியாக வந்தால் பதற வேண்டாம். திரையில் பூஜ்யம் காட்டினாலும் ஹைபிரிட்டாக ஓடுவதற்கான இருப்பைக் கணினி தனியே வைத்திருக்கும். ஆனால் குறையைச் சரிசெய்ய நிறுவனமே வண்டிகளைத் திரும்ப அழைக்கும் திரும்பப்பெறல் அறிவிப்பு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று சேஸிஸ் எண்ணைக் கொண்டு கட்டாயம் பார்க்க வேண்டும். 2020-இல் மட்டும் ஆகஸ்டில் ஃபோர்டு தன் குகா பிளக்-இன் வண்டிகளையும், அக்டோபரில் பிஎம்டபிள்யூ தன் பல பிளக்-இன் மாடல்களையும் பேட்டரி தீப்பற்றும் அபாயம் காரணமாகத் திரும்ப அழைத்தன. சரிசெய்யும்வரை சார்ஜ் ஏற்ற வேண்டாம் என்றும் சொல்லின. கிடங்கில் நின்றிருந்த வண்டிக்கு அந்த வேலை முடிந்ததா என்பதை எழுத்தில் வாங்குங்கள்.

கிருமிநாசினி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. சில ஹைபிரிட்டுகளில் பெரிய பேட்டரியைக் குளிர்விக்கும் காற்று, பின் இருக்கை ஓரமுள்ள துவாரம் வழியாகக் காருக்குள்ளிருந்தே போகிறது. அங்கே மருந்தைப் புகைபோல் அடித்தால் ஈரம் போய்ச் சேருமிடம் உயர் மின்னழுத்தப் பேட்டரி. ஸ்விட்சுகள்மீதும் சார்ஜிங் துளையிலும் தெளிக்கவே கூடாது. 70 சதவீத ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஸ்டீயரிங், கியர், கைப்பிடிகளை மட்டும் துடைத்தால் போதும். தோல் இருக்கைக்கும் தொடுதிரைக்கும் அதைத் தவிர்த்து, லேசான சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணி. பிளீச் எதற்குமே ஆகாது. ஆல்கஹால் ஆவி தீப்பற்றும்; கதவுகளைத் திறந்து வைத்து உலர்ந்த பிறகே வண்டியை இயக்க வேண்டும்.

சார்ஜிங் கேபிளோடு இரண்டு சாவிகளையும் எண்ணி வாங்குங்கள். 12 வோல்ட் இறங்கினால் கதவைத் திறக்க உதவும் உலோகச் சாவி ரிமோட்டுக்குள்ளேயே இருக்கும். அதை உருவி ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். பல மாடல்களில் ஸ்டெப்னி கிடையாது, பஞ்சர் கிட் மட்டுமே வரும்.

வீட்டுச் சாக்கெட்டில் முதல் சார்ஜை குறைந்த ஆம்பியரில் தொடங்குவது பாதுகாப்பு. 230 வோல்ட்டில் 10 ஆம்பியர் என்றால் 2.3 கிலோவாட், 10 யூனிட் உள்ளே போக இழப்போடு சேர்த்துச் சுமார் 5 மணி நேரம் ஆகும். அத்தனை மணி நேரம் இடைவிடாமல் மின்சாரம் பாயும்போது தளர்ந்த சாக்கெட் உருகிவிடும். அரை மணி கழித்து பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடு என்றால் நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனை அழையுங்கள். எக்ஸ்டென்ஷன் பலகை கூடவே கூடாது. எர்த் சரியில்லாவிட்டால் கேபிளே சார்ஜை மறுக்கும். அதைக் கேபிளின் குறை என்று எண்ண வேண்டாம்.

வாங்கிய வண்டி மறுபடி நெடுநாள் நிற்கப்போகிறது என்றால் பெரிய பேட்டரியைப் பாதி அளவில் வைத்திருங்கள். முழுச் சார்ஜும் வெயிலும் சேர்ந்தால் அதன் ஆயுள் குறையும். வாரம் ஒருமுறை ஒரு மணி நேரம் 'ரெடி' நிலையில் வைத்தால் 12 வோல்ட் பேட்டரி ஊட்டம் பெறும். பாட்டு கேட்க மட்டும் போடும் 'ஆக்சஸரி' நிலையில் நேர்மாறாக அது வடியும். மூடிய கேரேஜில் வண்டியை ஒருபோதும் 'ரெடி' நிலையில் வைக்காதீர்கள். சத்தமில்லாமல் நிற்கும் வண்டியில் இன்ஜின் தானாகக் கிளம்பும், கார்பன் மோனாக்சைடு உயிரைப் பறிக்கும்.

உத்தரவாதம் எந்தத் தேதியில் தொடங்குகிறது என்பதையும் ஆவணத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். வண்டி கிடங்கில் நின்ற மாதங்கள் வாங்கியவர் கணக்கில் ஏறக்கூடாது. மேலே சொன்ன வோல்ட் அளவு, டயர் காற்று, இன்ஜின் ஓட்டிப் பார்த்த தேதி, திரும்பப்பெறல் நிலை ஆகிய நான்கையும் ஒரே தாளில் எழுதி, கையெழுத்திட்டு, சாவியோடு சேர்த்துத் தருமாறு விற்பனையாளர்களைத் தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ஹைபிரிட் வாகனப் பழுதுநீக்குநர்கள் சிலர்