நீலத் தொட்டியிலிருந்து தொடங்கு, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீயும் உன் கூட்டாளிகள் ஆறு பேரும் சேர்ந்து உன் அடுக்குமாடி புளோக்கில் மறுசுழற்சியைச் சரிசெய்யப் போவதாக எழுதியிருந்தாய். மனம் நிறைந்துபோனது. 2019 செப்டம்பர் 21 அன்று சிங்கப்பூரின் ஹோங் லிம் பூங்காவில் பருவநிலைக்காகப் பெரிய கூட்டத்தைத் திரட்டியவர்கள் உங்களைப் போன்ற இளையர்கள்தான். இளையர் நினைத்தால் ஊரையே திரும்பிப் பார்க்க வைக்கலாம். ஆனால் அப்படித் திரும்பிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆன்ட்டி மறுநாள் காலையில் பால் டப்பாவை எங்கே போடுகிறார் என்பது தனி வேலை. அந்த வேலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

போஸ்டர் அடிப்பது அப்புறம். முதலில் எண்ணு. மறுசுழற்சிக்கென வைத்திருக்கும் நீலத் தொட்டிகளில் விழுவதில் சுமார் 40 விழுக்காடு அதற்கு உதவாது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். அது தீவு முழுமைக்குமான கணக்கு. உன் புளோக்கின் கணக்கை நீதான் எடுக்க வேண்டும். வாரத்தில் மூன்று நாள், ஒரே நேரத்தில், மூடியைத் திறந்து மேலே தெரிவதைப் படம் எடு. ஒரு தாளில் மூன்று பத்தி போட்டுக்கொள்: சுத்தமானவை, சாப்பாடோ தண்ணீரோ பட்டவை, அங்கே வரவே கூடாதவை (தலையணை, செருப்பு, ஸ்டைரோஃபோம், டிஷ்யூ). கையை உள்ளே விடாதே, உடைந்த கண்ணாடி இருக்கும். வேலையைத் தொடங்குமுன் நான்கு வாரம், தொடங்கிய பின் நான்கு வாரம் எண்ண வேண்டும். ஒரே வாரத்தோடு நிறுத்தினால் ஏமாந்துபோவாய். சீனப் புத்தாண்டுக்கும் தீபாவளிக்கும் வீட்டைக் கழுவித் துடைக்கும் வாரங்களில் தொட்டி நிலவரமே தலைகீழாக இருக்கும்.

பாதி குடித்துவிட்டுப் போட்ட ஒரு பபிள் டீ கிண்ணத்தைக் கவனித்துப் பார். கவிழ்ந்ததும் பால் கீழே இருக்கும் அட்டைக்குள் இறங்கும், அட்டை ஊறும், பக்கத்துச் செய்தித்தாள் அதோடு ஒட்டிக்கொள்ளும். பிரிக்கும் ஆலையில் அந்தக் கட்டு முழுவதும் கழிவாக ஒதுக்கப்பட்டு எரியுலைக்குப் போய்விடும். அந்தச் சாம்பல் போய்ச் சேரும் செமாக்காவ் குப்பை நிலம் 2035 வாக்கில் நிரம்பிவிடும் என்று கணித்திருக்கிறார்கள். அதனால் வீடு வீடாகப் போகும்போது, "காலி செய்யுங்கள், ஒரு தடவை அலசுங்கள், டிஷ்யூ போடாதீர்கள்" என்ற மூன்றை மட்டும் சொன்னால் போதும். சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லாதே. அதைக் கேட்டால் பாதிப் பேர் அன்றைக்கே விட்டுவிடுவார்கள்.

மனிதர்களை அலட்சியக்காரர்கள் என்று எண்ணிவிடாதே, கண்ணு. உன் புளோக் பழையது. குப்பைக் குழாய் சமையலறையிலேயே இருக்கிறது, நீலத் தொட்டி கீழே இருக்கிறது. கை எட்டும் இடத்துக்குத்தான் குப்பை போகும். 2014 முதல் கட்டும் புதிய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் மறுசுழற்சிக்கென்றே இன்னொரு குழாய் வைக்கிறார்கள். உன் புளோக்கில் அது இல்லாததால், சமையலறைக் கதவுப்பிடியில் ஒரு பை தொங்கவிட்டு, வேலைக்குப் போகும்போது எடுத்துப்போகச் சொல். வீட்டு வேலைக்கு வந்திருக்கும் பெண்களிடமும் பேசு. பல வீடுகளில் குப்பையைக் கையாள்வது அவர்கள்தான், ஆனால் பிரசுரம் முதலாளி கையோடு நின்றுவிடுகிறது.

காலையில் புளோக்கைக் கூட்டும் அண்ணனிடம் போய் நின்று பேசு. எந்த நேரத்தில் மெத்தை வந்து விழும், எந்தப் பக்கத்துத் தொட்டி முதலில் நிரம்பும் என்று அவருக்குத்தான் தெரியும். அட்டை சேகரித்து விற்கும் வயதானவர்களையும் மறந்துவிடாதே. எல்லா அட்டையும் தொட்டிக்கே போக வேண்டும் என்று பிரசாரம் செய்தால் அவர்கள் வருமானத்தில் கை வைப்பாய். அட்டையை மடித்துத் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கலாமா என்று நகர மன்றத்திடம் முன்கூட்டியே கேள்.

மின்தூக்கி அருகே உள்ள அறிவிப்புப் பலகை நகர மன்றத்துடையது. அனுமதி இல்லாமல் ஒட்டினால் மறுநாளே கிழித்துவிடுவார்கள். வசிப்போர் குழு வழியாகப் போனால் அனுமதியும் கிடைக்கும், மேசை நாற்காலியும் கிடைக்கும். வாசலில் நின்று காசு வசூலிக்காதே, அதற்கு உரிமம் வேண்டும். கையுறை, இடுக்கி, அச்சுச் செலவு போதவில்லை என்றால் தேசிய இளையர் மன்றத்தின் மானியத்துக்கு எழுதிக்கேள், 15 முதல் 35 வயதுக்காரர்களுக்கென்றே வைத்திருக்கிறார்கள். ஏழு பேரோடு நில். பத்துப் பேரோ அதற்கு மேலோ சேர்ந்தால் சங்கமாகப் பதியச் சொல்லும் சங்கச் சட்டம் குறுக்கே வரும்.

கதவைத் தட்ட இரண்டிரண்டு பேராகப் போங்கள். மலாய்க்காரர் வீடுகளுக்கு மாலைத் தொழுகை நேரத்தில் போகாதீர்கள், எட்டு மணிக்கு மேல் போகலாம். ஒரு வீட்டுக்கு இரண்டு நிமிடம். தப்பாகப் போட்டவர்களைப் படம் பிடித்து இன்ஸ்டகிராமில் போடவே கூடாது. பார்சல் பெட்டியில் பெயரும் வீட்டு எண்ணும் இருக்கும். ஒரு குடும்பம் அவமானப்பட்டால் அந்தத் தளமே கதவைச் சாத்திக்கொள்ளும்.

எனக்குப் பெரிய கவலை நவம்பர்தான். தேர்வு வரும், வாட்ஸ்அப் குழு அடங்கிப்போகும், டிசம்பரில் தொட்டி பழைய கதைக்குத் திரும்பும். அதற்கு முன்பே, செப்டம்பரிலேயே, புளோக்கில் நிரந்தரமாக இருக்கும் இரண்டு பேரைப் பிடி. பணி ஓய்வு பெற்ற ஒருவர், உயர்நிலைப் பள்ளி மாணவர் ஒருவர். எண்ணும் தாளை அவர்கள் கையிலேயே கொடுத்து, ஒரு மாதம் நீங்கள் பக்கத்தில் நின்று பாருங்கள்.

முதல் நான்கு வாரத் தாளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வரும்போது நீள இடுக்கி இரண்டு எடுத்துப்போ, வாங்கி வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா