தருண் சாகரின் பேச்சையும் பேசுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆடையையும் துறந்த ஜைனத் துறவியான திகம்பர முனிவர் தருண் சாகர் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை, 2016 ஆகஸ்ட் 26 அன்று ஹரியானா சட்டமன்றத்தில் அவர் ஆடையின்றி அமர்ந்திருந்ததையே சுற்றிச் சுற்றி வருகிறது. அங்கே அவர் என்ன சொன்னார் என்பதற்கு இரண்டு வரிகூட இல்லை.

அவர் எடுத்துப் பேசியவற்றில் முக்கியமானது பெண் கருக்கொலை. 2011 கணக்கெடுப்பின்படி, ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 834 பெண் குழந்தைகளே இருந்த மாநிலம் அது. மகள் இல்லாதவர் தேர்தலில் நிற்கக் கூடாது, மகள் இல்லாத வீட்டில் சம்பந்தம் வைக்கக் கூடாது, அந்த வீட்டில் துறவிகள் பிச்சை ஏற்கக் கூடாது என்று மூன்று வழி சொன்னார். முதல் இரண்டும் நியாயமில்லை. இயல்பாகவே ஆண் பிள்ளைகள் மட்டும் பிறந்த வீடுகள் எத்தனையோ உண்டு. மூன்றாவதிலும் அந்தக் குறை இருக்கிறது. ஆனால் அது ஒன்றுதான் ஒரு முனிவர் தானே செய்துகாட்டக்கூடியது.

திகம்பர முனிவருக்கு ஒரு நாளைக்கு ஒரு வேளைதான் உணவு. தண்ணீரும் அப்போதுதான், அதுவும் வடிகட்டிக் காய்ச்சியது. மனதுக்குள் ஒரு நிபந்தனையை வைத்துக்கொண்டு புறப்படுவார். அது பொருந்துகிற வாசலில்தான் நிற்பார். வீட்டார் மும்முறை வலம் வந்து, மனம், சொல், உடல், உணவு எல்லாம் தூய்மை என்று சொல்லி அழைக்க வேண்டும். நின்றபடியே, சேர்த்துக் குவித்த இரு கைகளில் இடுவதை உண்பார். ஒரு முடியோ எறும்போ தட்டுப்பட்டால் அத்தோடு சரி, இனி மறுநாள்தான். தேவாரம் சமணரை 'நின்றுண்பவர்' என்று பழித்தது இந்த நோன்பைத்தான். முனிவர் தங்கள் வாசலில் நிற்காமல் போவது ஜைனக் குடும்பத்துக்கு எவ்வளவு பெரிய மனக்குறை என்பது இதிலிருந்து விளங்கும்.

அதே பேச்சில் தர்மம் கணவன், அரசியல் மனைவி; மனைவி கணவனின் கட்டுப்பாட்டை ஏற்க வேண்டும் என்றும் சொன்னார். பெண் குழந்தைக்காக வாதாடிய வாயால் சொல்லக்கூடிய உவமையா அது? விமர்சிக்க வேண்டிய இடம் அங்கேதான் இருந்தது. விமர்சகர்களோ அவருடைய உடம்பைக் கேலி செய்தார்கள். அப்படி எழுதிய இருவர் மீதான வழக்கை 2019-ல் ரத்துசெய்த உயர் நீதிமன்றம், ஆளுக்கு 10 லட்சம் ரூபாய் கட்டச் சொன்னது. 2025-ல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கியது. நீக்கியதே சரி. கேலி தரக்குறைவுதான், ஆனாலும் அதற்கு அபராதம் கூடாது.

அவருடைய செல்வாக்கு ஜைனர்களோடு நிற்கவில்லை. ஆர்.எஸ்.எஸ். சீருடையில் தோல் பெல்ட் போய் 2011-ல் கான்வாஸ் பெல்ட் வந்ததில் அவருடைய வற்புறுத்தலுக்குப் பங்கு உண்டு.

இன்னொரு திருத்தம். அவர் 'பட்டினி கிடந்து உயிரை விட்டார்' என்கிறது கட்டுரை. மஞ்சள் காமாலை முற்றிய நிலையில்தான், உண்ணாமல் உயிர் துறக்கும் ஜைன நோன்பான சல்லேகனையை ஏற்று, 2018 செப்டம்பர் 1 அன்று டெல்லியில், 51 வயதில் மறைந்தார். சல்லேகனையில் முதலில் திட உணவு, பிறகு நீராகாரம், கடைசியில் தண்ணீர் என்று படிப்படியாக விடுவார்கள். அதைச் சட்டவிரோதம் என்ற ராஜஸ்தான் உயர் நீதிமன்றத் தீர்ப்புக்கு 2015-லேயே உச்ச நீதிமன்றம் தடை விதித்துவிட்டது. நமக்கும் இது புதிதல்ல. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றத்தில் சந்திரநந்தி ஆசிரியர் என்ற சமணத் துறவி 57 நாள் உண்ணா நோன்பிருந்து மறைந்ததைச் சொல்லும் கல்வெட்டு இன்றும் இருக்கிறது.

அந்தச் சட்டமன்ற உரையின் முக்கியப் பகுதிகளைத் தமிழில் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், வந்தவாசி