கூரையில்லாத நான்கு அறைகளும் உள்ளே பூட்டிய பதிவேடுகளும்: நான்காவது மனு

அனுப்புநர்:
முன்னாள் மாணவி, ஓய்வுபெற்ற ஆசிரியை,
டோங்காட், தென்னாப்பிரிக்கா.

பெறுநர்:
மாவட்டக் கல்வி அலுவலர் அவர்கள்.

பொருள்: சூறாவளியில் கூரை இழந்த பழைய வகுப்பறைகளைப் பழுதுபார்க்கவும், அங்கே பூட்டிக் கிடக்கும் பதிவேடுகளை மீட்கவும் வேண்டுதல்.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

வணக்கம். 2024 ஜூலையிலும் நவம்பரிலும், 2025 மார்ச்சிலும் இதே பொருள் குறித்து ஆங்கிலத்தில் எழுதினேன். மூன்று மனுக்களின் நகல்களிலும் பெற்றுக்கொண்ட முத்திரை இருக்கிறது. பதில்தான் வரவில்லை. இம்முறை தமிழில் எழுதி, ஆங்கிலப் பிரதியையும் இணைத்திருக்கிறேன். நம் நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்துப் போற்ற வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. தவிரவும், நான் சொல்லப்போவது என் அம்மாவைப் பற்றியது. அவர் பேசிய மொழியில்தான் அது எனக்கு முழுதாக வரும்.

எந்தப் பள்ளி என்று நான் விளக்கத் தேவையில்லை. சர்க்கரை ஆலைப் பக்கமிருந்து மேடேறி வரும் அந்தச் சாலை தாங்கள் அறிந்ததுதான். புதிய மாடிக் கட்டடத்தின் பின்னால், மாமரத்தை ஒட்டி நிற்கும் நான்கு செங்கல் அறைகளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

1. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் இறக்கிய இந்திய ஒப்பந்தக் கூலிகளுக்கும், அவர்களுக்குப் பின் வந்தவர்களுக்கும் அரசு தானாக முன்வந்து பள்ளி கட்டித் தந்தது அரிது. கட்டடச் செலவில் ஒரு பங்கை ஊரார் திரட்டினால்தான் அரசு மறுபங்கைக் கொடுக்கும். அரசு உதவி பெறும் இந்தியப் பள்ளிகள் அப்படித்தான் எழும்பின. 1929இல் டர்பனில் சாஸ்திரி கல்லூரி திறக்கப்பட்டபோதும் கட்டடத்துக்குப் பணம் திரட்டியது இந்தியச் சமூகமே. எங்கள் நான்கு அறைகளுக்கு என் ஆயா (பாட்டி) வாரம் ஒரு டிக்கி கொடுத்தார். மூன்று பென்ஸ் நாணயம் அது; கரும்புக் காட்டில் களை பறித்த கூலியிலிருந்து எடுத்துத் துணி முடிச்சில் சேர்த்து வைத்துக் கொடுத்தார்.

2. பிறகு பிள்ளைகள் பெருகினார்கள். காலையில் ஒரு பள்ளி, மதியம் அதே பெஞ்சுகளில் இன்னொரு பள்ளி என்று மாறி மாறி நடந்தது. 1966இல் இந்தியர் கல்வி மாகாணத்திடமிருந்து மத்திய அரசின் கைக்கு மாறியது. எங்கள் பள்ளி உயர்நிலைப் பள்ளியானதும் அதை ஒட்டித்தான். நான் மெட்ரிக் எழுதியது அந்த நான்காவது அறையில்.

3. 2024 ஜூன் 3 மாலை வந்த சூறாவளியை விவரிக்க வேண்டியதில்லை. எத்தனை வீடுகள் போயின, எத்தனை உயிர்கள் போயின என்பது தங்களுக்கும் தெரியும். மாடிக் கட்டடத்தின் கூரையை விரைவில் சரிசெய்தீர்கள், நன்றி. பழைய அறைகளின் மேல் ஒரு தார்பாய் கட்டினார்கள். இரண்டே மாதத்தில் காற்று அதைக் கிழித்துவிட்டது. அதன்பின் ஒருவரும் ஏறிப் பார்க்கவில்லை.

4. அம்மையீர், கூரை போனதைவிட எனக்கு வலிப்பது வேறு. மூன்றாவது அறையில் ஓர் இரும்பு பீரோ இருக்கிறது. பள்ளி தொடங்கிய நாள் முதலான சேர்க்கைப் பதிவேடுகள் அதில்தான் உள்ளன. நீல மையில் எழுதிய அகலமான பக்கங்கள் அவை: எண், பிள்ளையின் பெயர், தகப்பன் பெயர், குடியிருக்கும் தோட்டம், சேர்ந்த நாள், விலகிய நாள், விலகக் காரணம். நான் ஆசிரியையாக இருந்தபோது ஒருமுறை என் அம்மாவின் வரியைத் தேடிக் கண்டுபிடித்தேன். எழுத்தர் அவர் பெயரில் ஓர் எழுத்தை விட்டுவிட்டிருந்தார். சாகும்வரை அடையாளப் புத்தகத்திலும் அதே பிழையோடுதான் அம்மா இருந்தார். ஒன்பது வயதில் விலகியிருக்கிறார். கடைசிக் கட்டத்தில் எழுதியிருந்த காரணம்: 'வீட்டில் தேவை'. அந்தப் பக்கத்தைக் கீழ்வரை பார்த்தேன். பெண் பிள்ளைகளில் பாதிக்கு மேல் அதே காரணம், அதே கையெழுத்தில். இருபது ஆண்டுகளுக்குப் பின்னால் வந்த பதிவேட்டில் என் வரி: 'மெட்ரிக் தேறினாள்'. எங்கள் குடும்பம் எங்கிருந்து எங்கு வந்தது என்பதற்கு அந்த இரண்டு வரிகளைத் தவிர வேறு சாட்சி எங்களிடம் இல்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலருக்கு வேறு எந்தத் தாளிலும் பெயரே கிடையாது.

அந்த பீரோ இன்று மழையில் நிற்கிறது. போன மாதம் ஜன்னல் கம்பி வழியாகப் பார்த்தேன். ஒரு கதவு துருவேறித் தொங்குகிறது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் உப்பி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கின்றன. ஓர் ஏட்டின் முதுகில் கரையான் புற்று. கை நீட்டினால் எட்டும் தூரம்தான். ஆனால் கதவில் 'ஆபத்தான கட்டடம்' என்று பலகை, அதன்மேல் தங்கள் அலுவலகத்தின் பூட்டு!

5. பூட்டைத் திறந்துவிடுங்கள், நாங்களே எடுத்து வைக்கிறோம் என்றோம். பதில் இல்லை. கூரைத் தகரத்தைப் பழைய மாணவர்களே வாங்கித் தருகிறோம் என்றோம். அதற்கும் பதில் இல்லை. காசும் வேண்டாம், ஆளும் வேண்டாம், ஒரு சாவி கொடுங்கள் என்று கேட்பதற்கு எத்தனை மனு எழுத வேண்டும்? இடிப்பதற்குக் குறித்துவிட்டார்கள் என்று இப்போது பள்ளியில் பேசிக்கொள்கிறார்கள். அறுபது ஆண்டுக்கு மேற்பட்ட கட்டடத்தை மரபுத்துறை அனுமதியின்றி இடிக்கக் கூடாது என்று 1999ஆம் ஆண்டின் தேசிய மரபுவளச் சட்டம் 34ஆம் பிரிவில் சொல்கிறது. அனுமதி கேட்டிருக்கிறீர்களா? கேட்டிருந்தால் ஊராருக்கு ஏன் சொல்லவில்லை? 'பாத்தோ பேலே', மக்களே முதலில் என்று தங்கள் அலுவலகச் சுவரில் எழுதியிருக்கிறது. அதன் கீழேதான் மூன்று முறை வரிசையில் நின்று மனு கொடுத்தேன்.

6. கடுமையாக எழுதிவிட்டிருந்தால் பொறுத்தருள வேண்டும். எனக்கு எழுபது கடந்துவிட்டது. அக்டோபரில் கோடை மழை தொடங்கிவிடும். இன்னொரு மழைக்காலத்தை அந்த ஏடுகள் தாங்கா.

7. முதலில் சாவி. மற்றதெல்லாம் பிறகு. பதிவேடுகளை நூலக அறைக்கு மாற்ற ஒரே ஒரு சனிக்கிழமை போதும். பத்துப் பேர் வரத் தயாராக இருக்கிறோம். அடுத்து, மழைக்கு முன் அந்த நான்கு அறைகளுக்குத் தகரக் கூரை. இடிக்கும் யோசனை இருந்தால் அதை நிறுத்தி வைத்து, ஊராரை அழைத்துப் பேச வேண்டும்.

தயவுசெய்து சாவியைக் கொடுங்கள், அம்மையீர். வரும் சனிக்கிழமையே வருகிறோம்.

இப்படிக்கு,
தங்கள் பணிவுள்ள,
முன்னாள் மாணவி
டோங்காட், ஆகஸ்ட் 2025

இணைப்பு: முந்தைய மனுக்களின் முத்திரையிட்ட நகல்கள் மூன்று, ஜன்னல் வழியாக எடுத்த படங்கள் நான்கு, ஆங்கிலப் பிரதி.